தாழ்ந்த சிறகின் பக்கம்

செப்டம்பர் 9, திங்கள்

டாக்டர், இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் படுத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் இந்த நோட்டைத் தொடங்கச் சொன்னீர்கள். இப்போது பன்னிரண்டாகப் போகிறது. எல்லாரும் தூங்கிய பிறகுதான் எனக்கு எழுத வருகிறது. நீங்கள் இப்போது இருக்கும் பெர்த்தில் இதைவிட இன்னும் இரண்டரை மணி நேரம் கூடுதல் என்று பார்த்தேன். உங்கள் மகளுக்கு வலி எடுத்துவிட்டதா?

அன்றன்று செய்ததை எழுத வேண்டும். பயந்ததை எழுத வேண்டும். பயந்தது நடந்ததா என்றும் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பக்கங்களைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இதுதானே நீங்கள் சொன்னது.

செய்தது: பரணிலிருந்து விமானத்தை இறக்கினேன். "கையால் செய்துகொண்டிருந்து பாதியில் விட்ட வேலை ஏதாவது உண்டா இந்துஜா?" என்று கேட்டீர்களே, அதுதான் இது. டைகர் மாத். விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் அந்தக் காலத்தில் ஏறிய இரட்டைச் சிறகு விமானம். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. முன்னும் பின்னுமாக இரண்டு குழி இருக்கை. நான் செய்வது அதன் ஆறில் ஒரு பங்கு. சிறகு முனைக்கு முனை ஒன்றரை மீட்டருக்கு ஒரு விரற்கடை குறைவு. ரிமோட்டில் பறக்கும். பறக்க வேண்டும். அமுதினி வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது வாந்தி தாங்காமல் மூட்டை கட்டி வைத்தேன். கீழ் இடது சிறகில் மூன்று குறுக்குச் சட்டங்களை எலி கடித்திருக்கிறது.

"இதென்ன அம்மிணி, தட்டாம்பூச்சிய உரிச்சுப் போட்டாப்பல இருக்குது!" என்றார் நங்கையா. என் கணவர் லோகுவின் அக்கா பூங்கொடி; நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். உடுமலையில் ஒரு பேங்கில் கேஷியர். எங்களுக்காக நீண்ட லீவு போட்டு வந்திருக்கிறார். அவர் இடுப்பில் இருந்த அமுதினி சிறகைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நான் சிறகை நகர்த்திக்கொண்டேன்.

பயந்தது: பிளேடுகள். வேலை முடிந்ததும் டப்பாவில் போட்டுச் சமையலறை மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். பூட்டினேனா என்று ஏழு தடவை போய்ப் பார்த்தேன். ஏழு தடவையும் பூட்டித்தான் இருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

மூன்று சட்டங்களையும் புதிதாக வெட்டி ஒட்டினேன். கை நடுங்கவில்லை. அமுதினிக்குச் சளி. லோகு ராத்திரி முழுக்க அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்தார். நான் கதவருகில் நின்று அவள் மூச்சை எண்ணினேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் முட்டைகூடக் கிடையாது.

இன்று லோகு பம்ப் கம்பெனியிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். நான் வால் பகுதியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்காவுக்கு லீவு அக்டோபர் பதினஞ்சோட முடியுது இந்து. அதுக்கு மேல கேட்டா மெமோ குடுத்துருவாங்க."

"தெரியுங்க."

"காலனி டே கேர்ல போய்க் கேட்டேன். ரெண்டு வயசு ஆகாம சேத்துக்க மாட்டாங்களாம். உங்கம்மாவும் இப்ப வர முடியாதுங்கறாங்க. பதினாறாந் தேதியிலிருந்து காலைல ஒம்பதுக்கு நான் போனா சாயந்தரம் வர்ற வரைக்கும் நீயும் அம்முவுந்தான்." சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "முதுகு எப்படி இருக்குது?"

"பரவாயில்லைங்க."

சிசேரியனுக்குப் போட்ட முதுகு ஊசியால் வலி, கனம் தூக்கக் கூடாது. இந்த வீட்டில் எல்லாருக்கும் நான் சொல்லியிருப்பது இதுதான். அக்கம்பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் அந்த ஊசியால் ஒரு வலி உண்டு என்பதால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. உங்களிடம் மட்டும்தான் வேறு சொன்னேன்.

பதினாறாம் தேதி புதன்கிழமை. காலண்டரில் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஷகிலா வந்தாள். காலேஜில் என்னோடு ஏரோநாட்டிகல் படித்தவள். இப்போது சொந்தமாக ட்ரோன் வைத்துத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கிறாள். வேனில் வந்து இறங்கும்போதே சத்தம்.

"என்னடி இது, வீடு முழுக்க மரத்தூளு! புள்ள பெத்தியா, தச்சாசாரி வேலைக்குப் போனியா?"

நங்கையாவுக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. "வா சாமி, உக்காரு. புரட்டாசி, கறி கிறி ஒண்ணுமில்ல. தக்காளிச் சோறு திங்கறயா?"

"குடுங்கக்கா. ஐப்பசி பொறக்கட்டும், எங்க வீட்டு பிரியாணிய அண்டாவோட கொண்டாந்து எறக்கறேன்."

விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "பறக்க விடறது யாரு? நீதானே?"

"நீ பறக்க விடு."

"லூசா? நான் மூணு வருசமா ட்ரோன் ஓட்டறவ. குச்சிய விட்டுட்டா அதுபாட்டுக்கு அந்தரத்துல நிக்கும். இது அப்பிடியா? காலேஜ்ல கிளப்புக்கே நீதானடி பைலட். ஜூனியர் பசங்களுக்கு நீ கத்துக் குடுத்தத நான் இன்னும் மறக்கல. விமானம் நம்மளப் பாத்து வரும்போது இடது வலது மாறிப் போகும், மண்டையப் போட்டுக் குழப்பிக்காத, எந்தச் சிறகு தாழுதோ அந்தப் பக்கமே குச்சியத் தள்ளு, முட்டுக் குடுக்கற மாதிரின்னு."

"என் கை சரியில்ல ஷகி."

அவள் என் கையைப் பார்த்தாள். அப்போதுதான் சிறகின் ஓரத்தில் அரை மில்லி கனத்துக்கு மரம் சீவி முடித்திருந்தேன். "சரி, நானே ஓட்டறேன்" என்றாள். அக்டோபர் பதின்மூன்று ஞாயிறு என்று முடிவு செய்தோம். அதற்கு முந்திய ஞாயிறெல்லாம் அவளுக்கு மருந்தடிப்பு.

இன்னொன்றும் நடந்தது. அமுதினி ஷகிலாவிடம் போய்விட்டாள். ஷகிலாவின் போன் அடித்தது. "இந்தா, இவளப் புடி" என்று குழந்தையை என்னிடம் நீட்டினாள். நான் ஓர் எட்டுப் பின்னால் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. மேசையில் இடுப்பு இடித்தது. நங்கையா எங்கிருந்தோ வந்து, "இங்க குடு கண்ணு, அவளுக்கு முதுகு" என்று வாங்கிக்கொண்டார்.

அமுதினி நங்கையா தோளுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

உங்கள் பதில் வந்தது. பேரன் பிறந்ததில் மகிழ்ச்சி. பதிலை நான்கு தடவை படித்தேன். (அது தப்பா?)

"எதையும் ஒரே ஒரு தடவை பார். பார்த்ததும் தாளில் டிக் போடு. டிக் போட்டதை மறுபடி பார்க்காதே. மனம் கேட்டாலும் பார்க்காதே. பார்க்காததால் ஒன்றும் நடக்கவில்லை என்று உன் மனம் தானாகக் கற்றுக்கொள்ளும்."

இன்று பிளேடு டப்பாவை ஒரு தடவை பார்த்தேன். டிக். பால்கனிக் கதவு, டிக். கேஸ், டிக். பதினொரு மணி வரை ஹாலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, லோகுவுக்கு விடுமுறை. குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அவரே வைத்திருந்தார். நான் சிறகுகளுக்குத் துணி போர்த்தினேன். இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் துணி சுருங்கி மத்தளத் தோல்போல இறுகும். மஞ்சள் நிறம். விரலால் சுண்டினால் டங்கென்கிறது. அமுதினிக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. லோகு அவளைத் தூக்கிக் காட்டக் காட்ட, நான் சுண்டினேன். இருபது தடவையாவது இருக்கும். அவள் சிரித்தாள்.

இந்த விமானத்தில் முன்னிருக்கை வாத்தியாருக்கு, பின்னிருக்கை பழகுகிறவருக்கு. இரண்டு இடத்திலும் குச்சி உண்டு. பழகுகிறவருக்கு வாத்தியாரின் முகம் தெரியாது. ஒரு குழாய் வழியாகக் குரல் மட்டும் காதுக்கு வரும். எஞ்சின் இரைச்சலில் அதுவும் பாதிதான் கேட்குமாம். நான் பொம்மைத் தலை ஒன்று செய்து பின்னிருக்கையில் வைத்தேன். முன்னிருக்கைக்கு இன்னும் செய்யவில்லை.

மாசியில் நடந்ததை எழுது, எழுதினால் அது சின்னதாகும் என்று சொன்னீர்கள். எழுதிப் பார்க்கிறேன்.

மொட்டை மாடி. துணி எடுக்கப் போனேன். அமுதினிக்கு அப்போது ஆறு மாதம், இடது தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கைப்பிடிச் சுவர் என் இடுப்பு உயரம். கீழே யாரோ ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தார்கள். சோப்பு நுரை ஓடியது. அப்போது அந்த நினைப்பு வந்தது. கையை எடுத்தால் என்ன ஆகும் என்று. யாரோ பக்கத்தில் நின்று சாதாரணமாகக் கேட்ட மாதிரி. எனக்குக் கோபமில்லை, அழுகையில்லை, ஒன்றுமில்லை. கை மட்டும் விரல் நுனி வரை சில்லிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, லோகு வரும் வரை கத்தினேன். முதுகில் பிடித்துக்கொண்டது என்று சொன்னேன்.

அவளை அவர் வாங்கிக்கொண்டார்.

நினைப்பது வேறு, செய்ய விரும்புவது வேறு, இப்படி எத்தனையோ தாய்மார்களுக்கு வரும் என்று சொன்னீர்கள். புரிந்தது. என் கைக்குத்தான் புரியவில்லை. அவளை நான் தூக்கி ஏழு மாதம் பதினோரு நாள்.

எழுதிய பிறகு அது சின்னதாகவில்லை டாக்டர்.

அக்டோபர் 6, ஞாயிறு

மழை. துணி தளர்ந்துவிட்டது, மறுபடி இஸ்திரி போட வேண்டும். அமுதினி சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். கையை விட்டுவிட்டு நிற்கவும் பார்க்கிறாள். உங்களிடமிருந்து பதில் இல்லை. பச்சைக் குழந்தை வீடு, தெரியும்.

அக்டோபர் 10, வியாழன்

முடிந்தது. மோட்டார், பேட்டரி, சக்கரம், சிறகுக் கம்பிகள் எல்லாம். தாளில் இருபத்தியிரண்டு வரி எழுதி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரிமோட் எங்கள் கல்லூரிக் கிளப்பில் கழித்துக் கட்டியபோது நான் வாங்கி வைத்த பழைய செட். இரண்டு குச்சி. இடது குச்சியில் வேகமும் வாலும். வலது குச்சியில் ஏற்றமிறக்கமும் ஏலரானும். கீழ்ச் சிறகின் பின்னோரத்தில் ஏறி இறங்கும் பலகைக்குப் பெயர்தான் ஏலரான், அதுதான் விமானத்தைச் சாய்த்து நிமிர்த்துவது. குச்சியை வலப்புறம் தள்ளினேன். வலது பலகை ஏறியது, இடது பலகை இறங்கியது. சரி. டிக்.

இருபத்தியிரண்டு டிக். ஒவ்வொன்றும் ஒரே தடவை. தாளை மடித்து நோட்டில் வைத்துவிட்டேன். நீங்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. லோகுவின் ஸ்பேனர் பெட்டி, பைக், மிக்ஸி, நங்கையாவின் பேங்க் சாவிக்கொத்து, அரிவாள்மணை. நடுவில் விமானமும் அதன் ரிமோட்டும். மதியம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் நங்கையா எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தார். விமானத்தின் மூக்கில் பெரிய பொட்டு. சக்கரத்துக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம்.

"இத நசுக்கீட்டுத்தான் இது மேல போகோணும்" என்றார்.

"அக்கா, இது ரெண்டு கிலோ. எலுமிச்சம்பழம் இதக் கவுத்தீரும்" என்றார் லோகு.

ரொம்ப நாளைக்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். பூஜையில் வைத்ததை இன்று எடுக்கக் கூடாது. நாளைக்குத்தான். கத்தியும் பிளேடும்கூட சாமி முன்னால்தான் இருக்கிறது. இன்று நான் எதையும் பூட்ட வேண்டியதில்லை.

அக்டோபர் 12, சனி

சுண்டல், பொரி. பூஜையிலிருந்து விமானத்தை எடுத்துப் போர்வை சுற்றி வைத்தேன். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று கை போயிற்று. போர்வையைப் பிரித்து, திரும்பவும் சுற்றிவிட்டேன். டிக் போட்டதைப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விடிவதற்கு முன் ஷகிலாவின் வேனில் கிளம்பினோம். தாராபுரம் ரோட்டில் காற்றாலைகளைத் தாண்டி, அவள் மருந்தடிக்கும் தோட்டக்காரர் ஒருவரின் தரிசு நிலம். செம்மண். ஒரு பக்கம் மக்காச்சோளம், ஒரு பக்கம் தென்னை. காற்று அப்போதுதான் கண் விழிப்பதுபோல லேசாக இருந்தது. ஆடு மாடு வராமல் பார்க்க லோகு ரோட்டு முனைக்குப் போய் நின்றார். நங்கையா அமுதினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேனருகில் நின்றார். நான் வேனுக்கும் விமானத்துக்கும் நடுவில்.

ஷகிலா விமானத்தின் மூக்குக்கு எதிரே நின்று குச்சிகளை அசைத்தாள். "எல்லாம் அசையுதுடி. ஓகேவா?"

"ஓகே" என்றேன். போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கே என் பலமெல்லாம் செலவாகிக்கொண்டிருந்தது.

சக்கரங்கள் உருண்டன. வால் தூக்கியது. பத்து எட்டு தூரம்கூட இருக்காது, தரையை விட்டுவிட்டது. அது பறந்தது டாக்டர். மஞ்சள் சிறகுகளில் வெயில் பட்டது. அமுதினி "ஆ!" என்றாள்.

தென்னை உயரத்தில் ஒரு சின்னக் காற்று இடது சிறகைத் தாழ்த்தியது. ஷகிலா குச்சியை வலப்புறம் தள்ளினாள். விமானம் இன்னும் இடப்புறம் சாய்ந்தது. இன்னும் தள்ளினாள். இன்னும் சாய்ந்தது.

"அடியே, கேக்க மாட்டேங்குதுடி! வலது குடுத்தா எடது போகுது!"

"குச்சிய விடு! வலது குச்சிய விடு ஷகி!"

"விட்டா விழுந்துரும்!" அவளுக்குக் குரல் கிழிந்துவிட்டது. திரும்பி ரிமோட்டை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "நீ புடி! என்னால ஆகாது! புடிடீ!"

பிடித்தேன். யோசித்துப் பிடிக்கவில்லை. யோசித்திருந்தால் பின்னால் போயிருப்பேன்.

ஏலரான் தலைகீழாக வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. இந்த விமானம் ஏலரான் இல்லாமலும் திரும்பும், வால் போதும். சிறகுகள் இரண்டு பக்கமும் சற்றே மேல்நோக்கி வளைத்து வைத்தவை. வாலைத் திருப்பினால் தாழ்ந்த சிறகு தானாக நிமிரும். வலது குச்சியைப் பக்கவாட்டில் தொடவே இல்லை, மேலும் கீழும் மட்டும். இடது பெருவிரலால் வாலைத் தள்ளினேன். அது சோளக்காட்டுக்கு மேலே அகலமாக, கோணலாக, ஒரு வட்டம் போட்டது. இரண்டு தடவை விழப் பார்த்து நிமிர்ந்தது. பிறகு மூக்கைத் திருப்பி எங்களைப் பார்த்து வந்தது.

எனக்கு வலப்பக்கமாகத் தெரிந்த சிறகு தாழ்ந்தது. வால் குச்சியை அந்தப் பக்கமே தள்ளினேன். நிமிர்ந்தது. மறுபக்கம் தாழ்ந்தது. மறுபக்கம். முட்டுக் கொடுத்து, முட்டுக் கொடுத்து, இறக்கிக்கொண்டு வந்தேன். சக்கரம் மண்ணைத் தொட்டதும் ஒரு பழைய உழவுச் சாலில் இறங்கி, கீழ் இடது சிறகு தரையில் உராய்ந்து, அரை வட்டம் சுற்றி நின்றது. விசிறி ஒடிந்தது. எலி கடித்த அதே இடத்தில் மூன்று சட்டமும்.

ஷகிலா அழுதுகொண்டே ஓடினாள். நங்கையாவும் "அய்யோ, என்னாச்சு!" என்று ஓடினார்.

நான் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றிருந்தேன். வேன் படியருகில் அமுதினி தனியாக நின்றுகொண்டிருந்தாள், ஒரு கை படியில். என்னைப் பார்த்தாள். படியிலிருந்து கையை எடுத்தாள்.

நான்கு எட்டு வைத்தாள் டாக்டர். அவள் இதுவரை ஓர் எட்டுகூட வைத்ததில்லை. இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, மூக்கை நேரே என்னிடம் வைத்து வந்தாள். ஐந்தாவது எட்டில் எனக்கு வலப்பக்கமாகத் தெரிந்த தோள் தாழ்ந்தது. ரிமோட் எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. என் கை அந்தப் பக்கம் போயிருந்தது. அவள் விலா என் உள்ளங்கையில் உட்கார்ந்தது. சூடாக இருந்தாள். நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தாள்.

அந்த நினைப்பு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. வந்து பக்கத்தில் நின்றது. நான் தூக்கிக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் எங்கள் வீடு வரும் வரை மடியில் வைத்திருந்தேன். லோகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷகிலாதான், மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஏண்டி, உனக்கு முதுகு வலிக்கலையா?" என்றாள்.

"வலிக்குது" என்றேன். உண்மையாகவே வலித்தது.

அக்டோபர் 14, திங்கள்

காரணம் தெரிந்துவிட்டது.

அந்தப் பழைய ரிமோட்டின் முகப்பில், கீழோரத்தில், நகக்கண் அளவுக்கு நான்கு பொத்தான்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அசைவை நேராகவோ தலைகீழாகவோ மாற்றும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலே நகர்ந்துவிடும். ஏலரானுக்கான பொத்தான் மறுபக்கம் போயிருந்தது. அதற்கு நேர் மேலே காய்ந்த சந்தனப் பொட்டு, அதில் நங்கையாவின் விரல் ரேகை.

ஷகிலா மூக்குக்கு எதிரே நின்று பார்த்தாள். எதிரே நின்றால் இடம் வலம் மாறும், தப்பும் சரியாகத்தான் தெரியும். பின்னால் நின்று பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். நான் பார்த்திருந்தால்.

நீங்கள் சொன்னபடி நடந்தேன் டாக்டர். ஒரு தடவை பார்த்தேன், டிக் போட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததால் ஒன்றும் நடக்காது என்றீர்கள். நடந்தது. உங்கள் மேல் கோபமாக எழுதுகிறேனா? கொஞ்சம் கோபம்தான். மதியத்திலிருந்து பால்கனிக் கதவை ஒன்பது தடவை பார்த்துவிட்டேன். தாளில் டிக் போடவில்லை.

"எதனால உளுந்துச்சுன்னு தெரிஞ்சுதா அம்மிணி?" என்று நங்கையா கேட்டார்.

"காத்துங்க" என்றேன்.

சந்தனத்தைத் துடைக்கவில்லை. பொத்தானை மட்டும் நகர்த்தி, நகராதபடி மேலே டேப் ஒட்டினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

நங்கையா சாயந்தர பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் பெட்டி அடுக்கும்போது அமுதினி என் இடுப்பில் இருந்தாள். மூன்று நாளில் மொத்தம் எத்தனை நேரம் என்று எழுத நினைத்தேன், வேண்டாம்.

"நங்கையா, முதுகு ஊசின்னு நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

சேலையை மடித்தபடியே சொன்னார்: "முதுகு வலிக்காரி ஒருத்தி அந்தத் தேக்கு மேசைய ஒத்தையாளா ஹாலுக்குத் தள்ளிட்டு வந்தத நான் வந்த மறு வாரமே பாத்தேன் கண்ணு."

நான் அமுதினியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"என்னன்னு எனக்குத் தெரியாது. சொல்லோணும்னு தோணும்போது சொல்லு. நான் கேக்க மாட்டேன்."

"அன்னைக்கு நீங்க அவள வேன்கிட்ட விட்டுட்டு ஓடினீங்களே..."

நங்கையா பெட்டியை மூடி, மேலே ஏறி உட்கார்ந்து பூட்டினார். "பத்தொம்பது வருச சர்வீஸு. கேஷ் கேபினப் பூட்டாம நான் ஒரு நாளும் எந்திரிச்சுப் போனதில்ல அம்மிணி."

பிறகு அமுதினியின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, ஆட்டோவுக்கு நேரமாகிவிட்டது என்று என்னைத் திட்டினார்.

அக்டோபர் 16, புதன்

லோகு ஒன்பது பத்துக்குப் போனார். வாசலில் செருப்பை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். "போன் கையிலயே இருக்கும்" என்றார். "போங்க" என்றேன்.

இட்லி ஊட்டினேன். பாதி என் முடியில். குளிப்பாட்டும்போது பக்கெட்டில் நான்கு விரல் தண்ணீருக்கு மேல் விடவில்லை. அவள் தூங்கிய ஒன்றே கால் மணி நேரம் நான் பாத்திரம் தேய்க்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து கீழ்ச் சிறகின் மூன்று சட்டத்தையும் மறுபடி வெட்டினேன். எழுந்ததும் சிறகைச் சுண்டச் சொல்லிக் கைகாட்டினாள். துணி கிழிந்த சிறகு சத்தம் போடாது. மேல் சிறகைச் சுண்டினேன்.

பதினொன்றரைக்கு அந்த நினைப்பு வந்தது. மூன்று மணிக்கும் வந்தது. இரண்டு தடவையும் அவள் என் மடியில்தான் இருந்தாள். மூன்று மணிக்கு வந்தபோது உரக்கவே, "வந்தியா? உக்காரு" என்றேன். அமுதினி திரும்பி யாரென்று பார்த்தாள்.

லோகு ஆறு இருபதுக்கு வந்தார். ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. குழந்தையை வாங்கக் கையை நீட்டினார். "இருக்கட்டும், கை கால் கழுவிட்டு வாங்க" என்றேன்.

மொட்டை மாடிக்கு இன்னும் போகவில்லை. துணியெல்லாம் பால்கனியில்தான் காய்கிறது. அதை ஒளிக்க விரும்பவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வேறொருவர் கைபட்டதை மறுபடி ஒரு தடவை பார்க்கலாமா? அது நோயா, சாதாரணக் கவனமா? எது எதுவென்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எத்தனை தடவை என்று ஓர் எண்ணைச் சொன்னால் அதைப் பிடித்துக்கொள்வேன். எண் கிடையாது என்றால் அதையாவது சொல்லுங்கள். நீங்கள் எழுதி இரண்டரை வாரம் ஆகிறது. நாளைக்கும் ஒன்பது பத்துக்கு அவர் போய்விடுவார்.

இந்தப் பக்கங்களை ஞாயிறு வரை வைத்திருக்காமல் இப்போதே படம் எடுத்து அனுப்புகிறேன். டாக்டர், தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.